ஊர்க்கொடையும் வில்லுப்பாட்டும்



சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. எங்கள் பகுதியிலுள்ள ஓர் அம்மன் கோயில் திண்ணையில் கொடைவிழாக் குழுவினர் கூடியிருந்தனர். வரவு செலவுத் திட்டம் படிக்கப்பெற்றது. பந்தல், பூ, விளக்கு, மேளம், சாப்பாடு ஆகிய இனங்கள் யாதொரு தடையுமின்றி ஏற்கப்பட்டன. வில்லுப்பாட்டு என்னும் இனம் வந்ததும் ஓர் இளைஞர் எழுந்து நின்றார். அவர் என்னிடம் படித்தவர். இன்று நல்ல வேலையில் இருப்பவர். ஊர்ப்பற்றில் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். "சார், வில்ல இப்பம் யாரு சார் கேக்கா? பத்துப் பேரு தேற மாட்டாவ. அந்த ரூவாயோட இன்னுங் கொஞ்சம் போட்டா நல்ல மெல்லிசைக் கச்சேரி வச்சிரலாமே" என்றார்.

அவர் கூற்றில் பொய் இல்லை. முந்தைய ஆண்டு வில்லின் முன் அமர்ந்திருந்தோரை நானே எண்ணியிருக்கிறேன். பதினான்கு பேர். அவருள் மூவர் உறங்கிக்கொண்டிருந்தனர். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் விடை சொல்லிப் பழகிய எனக்கு, அம்மாலையில் விடை தோன்றவில்லை. தோன்றாமைக்கு ஒரு காரணமும் உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், இதே திண்ணையில், வில்லுக்குரிய இரவுகளை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைத்தபோது அதற்குக் கை தூக்கியவருள் நானும் ஒருவன். அன்று நான் குறைத்ததை இன்று அவர் அடியோடு நீக்க விரும்புகிறார், அவ்வளவுதான் வேறுபாடு. ஆகவே இன்று நான் நிகழ்த்தும் இச்சிற்றுரை, அந்த இளைஞருக்கு அன்று சொல்லத் தவறிய விடை என்று கொள்ளுங்கள்.

வில்லுப்பாட்டு இன்னதென்று நாஞ்சில் நாட்டாருக்கு எடுத்துரைப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போன்றதாகும். எனினும் பிற ஊர் நேயர் பொருட்டும், நம் வீட்டுப் பிள்ளைகள் பொருட்டும் சிறிது கூறுகிறேன். வைரம் பாய்ந்த பனைமரத்திற் செய்த பெரிய வில் ஒன்று. அதன் வளைவில் வரிசையாகத் தொங்கும் வெண்கல மணிகள். இழுத்துக் கட்டிய நாண். வில்லின் ஒரு புறத்தே வயிறு பெருத்த மண்குடம் ஒன்றைச் சேர்த்துக் கட்டி, அதன் வாயைப் பாளையாற் செய்த விசிறி போன்ற தட்டியால் அடிப்பர். உடுக்கு ஒருவர் கையில். தாளம் ஒருவர் கையில். கட்டை ஒருவர் கையில். நடுவே அமர்ந்து வீசுகோலால் நாணைத் தட்டிக் கதையை நடத்துபவரைப் புலவர் என்றும் அண்ணாவி என்றும் அழைப்பர். அவர்க்கு வலத்தே சிலரும் இடத்தே சிலரும் இருந்து, அவர் பாடியதை வாங்கிப் பாடுவர். வசனம் வரும்போது "ஆமா" போட்டுக் கேள்வி கேட்பர். காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் கூறி, நாட்டு வளம் பாடி, பிறகு கதைக்குள் நுழைவர். முடிவில் ஊரையும் கேட்டோரையும் வாழ்த்துவர். இவ்வாறு பார்த்தால், நம் பழைய காப்பியங்களின் அமைப்பு முழுவதும் ஓர் ஊர்ப் பந்தலின் கீழ் ஓர் இரவில் நிகழ்ந்து முடிகிறது.

இதற்குரிய பொருளை யார் கொடுத்தனர்? அரசர் கொடுக்கவில்லை. பெருஞ்செல்வர் ஒருவர் கொடுத்ததும் அருமை. கும்பப்பூ அறுவடை முடிந்து, களத்தில் நெல் குவிந்து, கையிற் சிறிது காசும் மனத்திற் சிறிது ஓய்வும் உள்ள பங்குனி, சித்திரைத் திங்களில், ஊர்க்காரர் வீடு வீடாகச் சென்று தலைக்கட்டு வரி பிரித்தனர். உள்ளவர் வீட்டுக்கும் இல்லாதவர் வீட்டுக்கும் ஒரே வரி. அதற்கு மேல் கொடுப்பது அவரவர் விருப்பம். என் தகப்பனார் ஓர் ஆண்டு அவ்வரியைக் கொடுக்க இயலாமல், இரண்டு நாள் பந்தற் கால் நட்டுக் கழித்தார் என்று என் தாய் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனை அவர் இழிவாக எண்ணியதில்லை. வரி கட்டியவனுக்குக் கொடையில் உரிமை உண்டு. பாட்டில் உரிமை உண்டு. "அந்த இடத்த இன்னொருக்கப் பாடும்வே" என்று புலவரை நோக்கிக் கூவும் உரிமையும் உண்டு. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி நாற்காலியில் அமர்பவனுக்கு அவ்வுரிமை இல்லை.

இனி அந்த இளைஞரின் வினாவுக்கு வருகிறேன். வில்லால் ஊருக்கு என்ன பயன்?

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியப் பயிற்சி பெற்று, வகுப்பறைக்குள் புதிதாக அடியெடுத்து வைத்த காலம். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கில் மிகவும் பின்தங்கியவன். கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரிக்கு மேல் எழுதான். பங்குனி மாதம் பிறந்துவிட்டால் வகுப்பில் உறங்குவான். ஒரு நாள் சினம் மிகுந்து அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினேன். அவன் நின்றுகொண்டே உறங்கினான். வகுப்பு முழுவதும் நகைத்தது. நானும் நகைத்தேன் என்றே நினைக்கிறேன்.

அந்த வாரத்திலேயே வரலாற்றுப் பாடத்தில் மதுரை நாயக்கர் ஆட்சி வந்தது. திருமலை நாயக்கரின் மகாலையும் தூண்களையும் பற்றிக் கூறிவிட்டு, "இவரது படை நம் நாட்டுப் பக்கமும் வந்ததுண்டு" என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. பின்வரிசையிலிருந்து அம்மாணவன் எழுந்தான். "கணியாகுளத்துலதான சார் சண்ட நடந்தது?" என்றான். பிறகு இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையைச் சொல்லத் தொடங்கினான். வேணாட்டின் படைத்தலைவன், இளைஞன், உடனிருந்த அமைச்சரே அவனைக் கைவிட்டனர், போருக்குப் புறப்படும் முன் தாய் கண்ட தீய கனவுகள், மனைவி தடுத்தது, அவன் கேளாமற் சென்றது, களத்தில் தனித்து நின்று வீழ்ந்தது. பாட்டு வந்த இடத்திற் பாடினான்; வசனம் வந்த இடத்திற் பேசினான். மணி அடித்தும் மாணவர் எழவில்லை. அவனுடைய பாட்டனார் ஒரு வில்லுக் குழுவில் குடம் அடிப்பவர் என்பதும், கொடைக்காலத்தில் இவன் இரவெல்லாம் பாட்டனார் அருகில் அமர்ந்து தாளம் போடுபவன் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தன.

பயிற்சிப் பள்ளியில் எமக்குக் கற்பித்த முதற்பாடம், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுதல் என்பது. அதனைத் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன் நான். ஆனால் என் மாணவனுக்குத் தெரிந்தது யாது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. 17ஆம் நூற்றாண்டில் நம் வயற்காட்டில் நடந்த ஒரு போரை, பாடநூல் எழுதினோர் விட்டுவிட்ட ஒரு போரை, பள்ளி வாயிலையே மிதித்தறியாத ஒரு குடக்காரர் தம் பேரனுக்குக் கொடுத்துச் சென்றிருக்கிறார். கணியாகுளம் நாகர்கோவிலுக்கு அண்மையில் உள்ளது. இன்று அவ்வழியே பேருந்திற் செல்லும் நம் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அப்பெயர் ஏதேனும் ஒன்றை நினைவூட்டுகிறது?

வில்லில் பாடப்படும் கதைகளை உற்று நோக்கினால் இன்னொன்று புலனாகும். கயிலையிற் பிறந்து பூவுலகுக்கு வந்த தெய்வங்களின் கதைகள் ஒரு வகை. இங்கேயே பிறந்து, அநியாயமாகக் கொலையுண்டு, பின்னர்த் தெய்வமானவரின் கதைகள் மற்றொரு வகை. அந்தணனாகப் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பெண்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, அவர் குலத் தொழிலையே தன் தொழிலாகக் கொண்டு, ஆநிரை மீட்கச் சென்று மாண்ட முத்துப்பட்டன் கதை இவ்வகையினது. எட்டயபுரத்து அவையிலும் திருவிதாங்கூர் அரண்மனையிலும் இக்கதையை யாரேனும் எழுதி வைத்திருப்பரோ? எளிய மக்கள் தலைக்கட்டு வரி கொடுத்துப் பாட வைத்தமையால்தான் அஃது உயிரோடிருக்கிறது. தவறு இழைக்கப்பட்டவரின் பெயரை ஊர் மறவாதிருத்தல், ஆண்டுதோறும் ஓர் இரவு அத்தவற்றை ஊரின் நடுவே உரக்கச் சொல்லுதல், இஃது எளிய செயல் அன்று. நள்ளிரவில் அக்கொலைக் கட்டம் பாடப்படும்போது பந்தலில் இருந்த முதிய பெண்டிர் முந்தானையால் கண்களைத் துடைத்ததை நான் சிறுவனாக இருந்து கண்டிருக்கிறேன். நீதிமன்றம் கொடுக்காத ஏதோ ஒன்றை அவ்வில் கொடுத்தது.

இக்கதைகளின் மதிப்பை உணர்ந்து ஏட்டிலிருந்தும் வாயிலிருந்தும் அச்சுக்குக் கொண்டுவந்தவருள் நாங்குநேரியிற் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை முதன்மையானவர். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்டது. நம் மாவட்டத்தில் முனைவர் அ. கா. பெருமாள் பல்லாண்டுகளாக இப்பணியைச் செய்து வருகிறார். இசுடூவர்ட் பிளாக்பர்ன் என்னும் அமெரிக்க அறிஞர் ஒருவர் நம்மூர்க் கொடைகளில் இரவிரவாக விழித்திருந்து கேட்டு, 1988இல் ஆங்கிலத்தில் ஒரு பெருநூல் எழுதினார். கடல் கடந்து ஒருவர் வந்து கண் விழித்துக் கேட்ட கலையை, கதவைத் திறந்தால் கேட்கும் தொலைவில் இருந்த நாம் கதவை அடைத்துக்கொண்டு உறங்கினோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனைப் பற்றிக் கூறாமல் இப்பேச்சு நிறைவுறாது. 1908ஆம் ஆண்டு நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். நாடக மேடையையும் திரைப்படத்தையும் அடையுமுன் அவர் காதில் விழுந்தது வில்லின் ஓசை. அவர் கைகள் பழகியதும் அதில்தான். புகழின் உச்சியில் இருந்த காலத்திலும் அவர் அதனை மறக்கவில்லை. சென்னை மேடைக்கு வில்லைக் கொண்டு சென்று, காந்தியடிகளின் கதையை அதிற் பாடினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சுப்பு ஆறுமுகம் என்னும் இளைஞரைத் தம்முடன் அழைத்துச் சென்றவரும் அவரே. அவ்விளைஞர் பின்னாளில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வில்லை வீடுதோறும் கேட்கச் செய்து, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2022இல் மறைந்தார்.

இவற்றையெல்லாம் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. எந்த ஊரும் "நாம் ஒரு கலைவாணரை உண்டாக்குவோம்" என்று திட்டமிட்டு உண்டாக்கியதில்லை. ஒழுகினசேரியைச் சுற்றியிருந்த எத்தனையோ சிற்றூர்கள், பெயர் தெரியாத எத்தனையோ குழுக்களுக்கு, ஆண்டுதோறும் வெற்றிலையும் முன்பணமும் கொடுத்துக்கொண்டிருந்தன. அக்குழுக்களுட் பல சுமாராகவே பாடியிருக்கும். சில மோசமாகவும் பாடியிருக்கும். வயலில் விதைத்த நெல் அனைத்தும் பொலியிலா வந்து சேர்கிறது? விதைநெல்லை நிறுத்திவிட்டு விளைச்சலை மட்டும் கேட்கும் உழவனை நாஞ்சில் நாட்டார் என்ன பெயரிட்டு அழைப்பர் என்பதை வானொலியில் நான் சொல்ல இயலாது.

இனி, கொட்டாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். சொல்வதற்கு மனம் கூசுகிறது.

கொட்டாரம் என்றால் அரண்மனை. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், குமரிக்குச் சற்று முன்னே உள்ள ஊர். பயணிகள் பேருந்தின் சாளரத்தின் வழியே ஒரு நிமிடம் பார்த்துவிட்டுக் கடலை நோக்கிச் சென்றுவிடுவர். இந்தக் கொட்டாரத்தில் பூங்கனி என்னும் அம்மையார் வாழ்ந்தார். அகத்தீசுவரம் பக்கத்திற் பிறந்தவர். பெண்கள் மேடையேறுதல் அரிதாக இருந்த காலத்தில், சிறுமியாக இருக்கும்போதே வில்லின்முன் அமர்ந்தவர். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக, நம் மாவட்டத்துக் கொடைகளிலும் அண்டை மாவட்டத்துக் கொடைகளிலும் வீசுகோல் வீசி, விடிய விடியக் கதை பாடியவர். அவர் கணவர் குடம் அடிக்கும் கலைஞர். கையை உயர்த்தி அவர் கோலை வீசும் வேகத்தையும், கோபக்கட்டம் வரும்போது குரல் மாறுவதையும் கண்ட முதியோர் இன்றும் நம்மிடையே இருக்கின்றனர்.

அவரது முதுமை எவ்வாறு கழிந்தது? குழு கலைந்தது, அழைப்பு நின்றது, கணவர் மறைந்தார், அரசு வழங்கும் முதியோர் உதவித்தொகையே ஆதரவாயிற்று. தொலைவிலிருந்து வந்த இளைஞர் சிலரும் செய்தியாளர் சிலரும் அவரைத் தேடிக் கண்டுபிடித்துப் படம் பிடித்தனர், எழுதினர், தம்மால் இயன்றதைச் செய்தனர். 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம், அகவை எண்பதைக் கடந்த நிலையில், அவர் காலமானார்.

அவர் இன்னார் என்பதை நான் செய்தித்தாளிற் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரே ஊர், ஒரே கடைத்தெரு, ஒரே பேருந்து நிறுத்தம். காய்கறிக் கடையில் அவருக்குப் பின்னால் நான் நின்றிருக்கவும் கூடும். ஆண்டுதோறும் பள்ளியில் இலக்கிய மன்ற விழா நடத்தினேன். அதற்குச் சிறப்பு விருந்தினராக நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பேச்சாளரை வரவழைத்து, வாடகைக் கார் அமர்த்தி, சால்வை போர்த்தினேன். நடந்து வரும் தொலைவில் ஐம்பது ஆண்டுக் கதைச்செல்வம் ஒன்று வாழ்ந்துகொண்டிருந்தது. ஒரு முறை அழைத்திருந்தால், என் பள்ளிச் சிறுமியருள் ஒருத்தியாவது அந்த வீசுகோலைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பாள். வில்லுப்பாட்டில் எழுத்தில் இறங்காதது மிகுதி. எந்த இடத்தில் நாணைத் தட்டாது நிறுத்துவது, எந்தச் சொல்லை எந்த ஊரில் மாற்றிப் பாடுவது, உறங்கும் அவையை எப்படி எழுப்புவது என்பனவெல்லாம் ஆளோடு வந்து ஆளோடு போவன. அவரிடமிருந்து எத்தனை கதைகள் போயின என்பதைக் கணக்கிட இனி வழியில்லை.

இவ்விடத்தில், பள்ளி ஆசிரியர் சிலரும் நண்பர் சிலரும் எழுப்பும் ஒரு தடையை நான் மறைக்க விரும்பவில்லை. "குடிநீர்க் குழாய் வரவில்லை, பள்ளிக் கூரை ஒழுகுகிறது, மருத்துவத்துக்குப் பணமில்லாமல் மக்கள் தவிக்கின்றனர். இந்நிலையில் பாட்டுக்குப் பணமா?" என்கின்றனர். ஒழுகும் கூரையின் கீழே பத்தாண்டு இருந்தவன் என்ற முறையில் இக்கேள்வியின் நியாயம் எனக்குத் தெரியும். ஆனால் அக்கூரை எவ்வாறு மாற்றப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தபின், நான் சென்றது கொடைவிழாக் குழுவிடம். அவர்களிடம் வீட்டுப் பட்டியல் இருந்தது. எந்த வீட்டில் யார் கொடுப்பார், எந்த வீட்டில் அறுவடைக்குப் பிறகு கேட்க வேண்டும், எந்த வீட்டில் கேட்கவே கூடாது என்பன அவர்களுக்குத் தெரிந்திருந்தன. கணக்கைச் சுவரில் எழுதி ஒட்டும் பழக்கமும் இருந்தது. ஆறு வாரத்தில் ஓடும் மரமும் வந்து இறங்கின. சேர்ந்து வரி பிரிக்கவும், சேர்ந்து சண்டையிடவும், மறுநாள் சேர்ந்து பந்தல் போடவும் பழகிய ஊர் அது. அப்பழக்கத்தை அவர்களுக்குக் கொடுத்தது என் பள்ளி அன்று, கொடைவிழா. பாட்டை நிறுத்தினால் அந்தப் பணம் கூரைக்கு வரும் என்று நினைப்பது தவறு. பாட்டை நிறுத்திய ஊர்களில் அந்தப் பணம் எங்குச் சென்றது என்று பார்த்திருக்கிறேன். வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் சென்றது.

மற்றொரு தடையும் உண்டு. பழைய கொடைகளில் எல்லாம் நன்றாகவா இருந்தது? இல்லை. சில தெருவினர் பந்தலுக்குப் புறத்தே நின்று கேட்ட காலத்தை நான் அறிவேன். கலைஞரை இரவெல்லாம் பாட வைத்துவிட்டு, விடிந்ததும் பேசிய தொகையிற் பிடித்தம் செய்த பெரிய மனிதரையும் அறிவேன். சாதிப்பெருமையைக் கதைக்குள் புகுத்தச் சொன்னவரும் உண்டு. இவற்றை மீட்டெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வில் தன்னைத் திருத்திக்கொள்ள வல்லது. 1990களில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறியாத் தாய்மார்களை இரவுப் பள்ளிக்கு அழைத்து வந்தவற்றுள் வில்லும் ஒன்று. அம்மன் கதை பாடிய அதே நாணில் அகரம் எழுதும் கதையும் ஏறியது. நாண் அறுந்து போகவில்லை.

நம் அண்டை நாட்டைப் பாருங்கள். கதகளி நலிந்துகொண்டிருந்த காலத்தில் மகாகவி வள்ளத்தோள் குலாச்சீட்டு நடத்திப் பொதுமக்களிடம் பணம் திரட்டி, 1930இல் கேரள கலாமண்டலத்தைத் தோற்றுவித்தார். கோயிலுக்குள் சில குடும்பத்தாரிடம் மட்டும் இருந்த கூடியாட்டத்தை அந்நிறுவனம் 1965இல் அனைவர்க்கும் கற்பிக்கத் தொடங்கியது. 2001இல் யுனெசுகோ நிறுவனம் அக்கலையை மனித குலத்தின் சிறந்த மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. பெருங்கவிஞர் ஒருவர் சீட்டுக் கட்டுடன் வாசல் வாசலாக ஏறி இறங்காதிருந்தால் உலகம் எதனை அறிவித்திருக்கும்?

மேலை நாட்டில் வேல்சு என்று ஒரு சிறு நாடு. அண்டையில் ஆங்கிலம் என்னும் பெருங்கடல். அவர்கள் ஐசுத்தெட்வோது என்னும் பாட்டும் கவிதையும் நிறைந்த பெருவிழாவை ஆண்டுதோறும் தம் மொழியிலேயே நடத்துகின்றனர். இக்கால முறையில் தேசிய விழாவாக அஃது 1861இல் அபர்தேர் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊரில் தொடங்கியது. ஓர் ஆண்டு வடக்கே, ஓர் ஆண்டு தெற்கே என ஊர் விட்டு ஊர் செல்லும் விழா அது. எந்தப் பகுதிக்குச் செல்கிறதோ, அப்பகுதி மக்கள் முன்கூட்டியே குழு அமைத்து, தம்மிடையே நிதி திரட்டுகின்றனர். நம் தலைக்கட்டு வரிதான், பெயர் வேறு.

நம்மிடமும் வழிகள் இல்லாமல் இல்லை. 1984இல் இந்திய நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் நாகர்கோவிலில் தொடங்கப்பெற்றபோது, நம்மூர்ப் பாடகர் குரல் நம்மூர் அடுக்களையிற் கேட்டது. அக்குரலைக் கேட்டு, "இது நம்ம பக்கத்துத் தெரு ஆளுல்லா!" என்று என் அத்தை உலைப்பானையை இறக்க மறந்து நின்ற நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் வானொலி ஒரு குழுவை ஆண்டுக்கு ஒரு முறை அழைக்கலாம். அரசு ஒருவர்க்கு வாழ்நாளில் ஒரு முறை விருது கொடுக்கலாம். மாதந்தோறும் அடுப்பு எரிய வேண்டுமாயின் ஊர்கள்தாம் அழைக்க வேண்டும்.

எவ்வாறு அழைப்பது? பெரிய திட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. பேசிய தொகையைப் பேசியபடி, விடியுமுன் கையிற் கொடுத்தல். மக்கள் விழித்திருக்கும் நேரத்தை வில்லுக்குக் கொடுத்தல். எட்டு மணிக்கு இசைக்கச்சேரியும் நள்ளிரவுக்கு மேல் வில்லும் என்று வைத்துவிட்டு, "கேட்பார் இல்லை" என்பது முறையன்று. ஒலிபெருக்கி இயக்குபவரிடம் குடத்தின் ஓசை கேட்கும்படி வைக்கச் சொல்லுதல். இது சிறிய செய்தி என்று நினைக்காதீர்கள், குடம் கேட்காத வில் உப்பில்லாத கஞ்சி. ஒவ்வொரு குழுவிலும் ஒரு சிறுவன் அல்லது சிறுமியைச் சேர்த்துக்கொள்ள ஊர் தனியே ஒரு சிறு தொகை ஒதுக்குதல். பள்ளி ஆசிரியர்கள் கதையை முதல் நாளே வகுப்பிற் சொல்லிப் பிள்ளைகளை அனுப்புதல்; மறுநாள் அவர்கள் உறங்கினால் பெஞ்சின்மேல் ஏற்றாதிருத்தல்.

மெல்லிசைக் கச்சேரிக்கு நான் பகைவன் அல்லன். நல்ல திரைப்பாடலைக் கேட்டால் நானும் தலையசைப்பவன்தான். ஆயினும் வெளியூரிலிருந்து வண்டியில் வந்து, பாடி, பணம் பெற்று, விடியுமுன் சென்றுவிடும் குழுவுக்கு நம் ஊரின் பெயரே தெரியாது. ஒலிபெருக்கியில் தவறாகச் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். வில்லுப் புலவரோ நம் குளத்தின் பெயரையும், நம் பாட்டனாரின் பெயரையும் சொல்லித்தான் வாழி பாடுவார். அவர் பெறும் பணமும் இங்கேயே குயவர் வீட்டுக்கும் பலசரக்குக் கடைக்கும் சுற்றி வரும்.

அந்த மாசி மாதக் கூட்டத்தில் முடிவு என்னாயிற்று என்று கேட்பீர்கள். அன்று முடிவு எட்டப்படவில்லை. அடுத்த கூட்டத்தில், கச்சேரியும் இருக்கட்டும், வில்லும் இருக்கட்டும், வில்லுக்கு மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை என்று ஒத்துக்கொண்டனர். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று நாள் முன்னதாகவே கதையைச் சொல்லி வைத்தேன். கொடையன்று எண்ணினேன். அறுபத்திரண்டு பேர், அவருள் பிள்ளைகள் இருபத்தைந்து. பத்து மணிக்குக் கச்சேரி தொடங்கியபோது கூட்டம் அதனினும் பத்து மடங்காயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு வில் இரண்டு இரவு. வெற்றிலையும் முன்பணமும் கொடுத்து வரப் புலவர் வீட்டுக்குச் சென்றவர் அதே இளைஞர்தாம். புலவர் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முத நாளு அம்மன் கத. ரெண்டாம் நாளைக்கு என்ன கத வேணும்னு ஊர்ல சொன்னாவ?" என்று வினவினாராம். இவருக்கு ஒரு கதையின் பெயரும் தெரியவில்லை. அங்கிருந்தே எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். நான் பெயர் சொல்லவில்லை. அவருடைய பாட்டியிடம் கேட்கச் சொன்னேன். தொண்ணூறை நெருங்கும் அந்த மூதாட்டி இரண்டு நாள் யோசித்தாராம். மூன்றாம் நாள் காலையில், கதையின் பெயரைச் சொல்வதற்குப் பதிலாக, கட்டிலில் அமர்ந்தபடியே அதன் காப்பைப் பாடத் தொடங்கிவிட்டாராம்.